ஏழாம் நம்பர் வில்லை

“ஏழு! காதுல வாங்கினியாடா? பட்டாணி கழுத்துல இருக்கறது ஏழாம் நம்பர்!”

இன்ஜின் கூடத்து வாசலிலேயே தம்பியை மடக்கிப் பிடித்துவிட்டாள் அக்கா. மகள் பட்டாணி நாலடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது குலுக்கல். நான் என்ன பண்ண முடியும்?”

“வாளிக்குள்ள கையை விடறது நீதானே? மாசா மாசம் வந்து வாயைப் பார்த்துட்டுத் திரும்புது குழந்தை. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் இன்ஜின் மாமா, சொந்த அக்கா பொண்ணுக்கு மட்டும் நீ யாரோவா?”

அக்காவிடம் வாயாடி ஜெயித்த ஆள் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அந்தப் போக்குவரத்து மியூசியத்தில் மாதம் ஒரு ஞாயிறு குடும்ப நாள். வயிற்றைத் திறந்து காட்டும் விமானம் ஒரு பக்கம், கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு எரியும் மேஜை இன்னொரு பக்கம். எது இருந்து என்ன, கூட்டம் மொய்ப்பது அந்தப் பழைய நீராவி இன்ஜினைத்தான். அன்றைக்கு மட்டும் அது மூச்சு விடும். விடியற்காலையிலிருந்து கரி அள்ளிப் போட்டு அதை எழுப்புகிற டிரைவர் இவன்.

வருகிற குழந்தைகளுக்கெல்லாம் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதே நம்பர்கள் கரி வாளியிலும் கிடக்கும். டிரைவர் எடுக்கிற நம்பர் யாருடையதோ, அந்தக் குழந்தை இன்ஜினில் ஏறி விசில் சங்கிலியை இழுக்கலாம். ஒரே ஒரு குழந்தை, ஒரே ஒரு தடவை.

பட்டாணிக்கு அந்த விசில் என்றால் உயிர். வீட்டில் பாத்ரூம் தாழ்ப்பாளை இழுத்தால்கூட ‘கூ’ என்று கத்துகிற பிள்ளை.

யாரும் பார்க்காத நேரமாக அவன் வாளியிலிருந்து ஏழாம் நம்பரைப் பொறுக்கி, கையில் போட்டிருந்த தோல் கிளவுஸுக்குள் செருகிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உள்ளங்கையில் பித்தளை உறுத்தியது, மனசும் சேர்ந்து உறுத்தியது.

மணி அடித்ததும் கூட்டம் நெருக்கியடித்தது. பட்டாணி முன்வரிசையில் நின்றாள். அக்கா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வாளிக்குள் கையை விட்டு, சத்தம் வரக் கலக்கி, வெளியே எடுத்தான்.

“நம்பர் ஏழு!”

“நான்! நான்தான்!”

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. முன்பல் விழுந்த ஒரு சிவப்புக் கவுன் சிறுமி குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவன் அவள் கழுத்து வில்லையை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். சாட்சாத் ஏழு!

“நிறுத்து! அது என் பொண்ணோட நம்பர்!” அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். “நியாயம்னு ஒண்ணு வேணாமா?”

இன்னும் ரெண்டு வார்த்தை பேசினாள் என்றால் குட்டு உடைந்துவிடும். அவசர அவசரமாகச் சிறுமியை மேலே தூக்கிவிட்டான்.

“இழும்மா!”

அடேயப்பா! அந்தச் சத்தத்தில் அக்காவின் நியாயம் எங்கே போனதோ தெரியவில்லை. கூரைத் தகடு அதிர்ந்தது. வெள்ளைப் புகை பொங்கி எழுந்து கூடத்தையே மூடியது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை வாயைத் திறந்தபடியே அழுகையை நிறுத்தியது. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளாகி அண்ணாந்து பார்த்தார்கள். எத்தனையோ தடவை கேட்டவன்தான், அவனுக்கும் உடம்பு சிலிர்த்தது.

கூட்டம் கலைந்ததும் அக்கா வெடித்தாள். “எவளோ என் பொண்ணை ஏமாத்திட்டாடா! இந்தக் காலத்துல யாரைத்தான் நம்பறது?”

பட்டாணியின் கண்கள் இன்னும் புகையிலேயே இருந்தன. அவள் கழுத்தில் தொங்கியது முப்பத்தொன்றாம் நம்பர்.

“ஏண்டி, உன் வில்லையை அவ பிடுங்கிக்கிட்டாளா?”

“இல்லம்மா, நான்தான் மாத்திக்கிட்டேன்.”

“அவ யாருடி உனக்கு?”

“தெரியாதும்மா. கண்ணை மூடிக்கிட்டுக் கிறுகிறுன்னு சுத்தி நின்னேன். விரல் அவளைக் காட்டுச்சு.”

“பைத்தியமா உனக்கு? எதுக்கு?”

“வாசல்ல நீங்க மாமாகிட்டப் பேசினது கேட்டுச்சு. ஏழுதான் வரும்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் அது எப்படிம்மா குலுக்கல்? யாராவது ஒருத்தர் குலுக்கணும்ல? அதான், நான் குலுக்கிட்டேன்.”

அக்கா வாயடைத்து நின்றதை அன்றைக்குத்தான் அவன் பார்த்தான்.

அவன் பட்டாணியின் முன்னால் மண்டியிட்டான். மலை மாதிரி நின்ற இன்ஜின் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு வருஷமும் அதைப் பார்த்து வாய் பிளந்தவன், இப்போது இந்தப் பொடிசைப் பார்த்து வாய் பிளந்தான்.

“உனக்கு அந்த விசிலை இழுக்க ஆசையில்லையாடா கண்ணு?”

“ரொம்ப ஆசை மாமா.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பரவாயில்ல. அடுத்த மாசமும் வருவேன்ல?”

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியவள், வாசல்வரை போய்த் திரும்பி ஓடிவந்தாள். அவன் காதருகில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

“அப்போ மட்டும் அந்தக் கிளவுஸைக் கழட்டிட்டு எடுங்க மாமா.”