வெளிச்சம் போன போதகர்

போதகர் அம்பொன்சாவுக்கு வெளிச்சம் போய்விட்டதாம். எங்கள் டெச்சிமான் ஊர்க் கிழங்குச் சந்தை முழுக்க இதே பேச்சு.

பேசமாட்டார்களா பின்னே? காணாமல் போன ஆடு எங்கே நிற்கிறது, குமாசிப் பட்டணத்துக்குப் போன பிள்ளை எப்போது வருவான் என்றெல்லாம் ஜெபத்தில் பார்த்துச் சொன்ன மனுஷன். நம் புத்தியை வைத்துக் கடவுளை அறிய முடியாது, அவராக வெளிச்சம் கொடுத்தால்தான் உண்டு என்று வாராவாரம் பிரசங்கம் செய்தவர். ஆட்டுக்குக் கிடைத்த வெளிச்சம் ஆளுக்குக் கிடைக்கவில்லை என்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா?

நடந்தது இதுதான். நியார்கோ என்று ஒரு வாலிபப் பையன். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் காய்ச்சல் என்று படுத்தான், போய்விட்டான். யாரோ சூனியம் வைத்துத் தின்றுவிட்டார்கள் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் பக்கம் சூனியம் தாய்வழிச் சொந்தத்துக்குள்ளிருந்துதான் வரும் என்பார்கள். அங்கே யார் இருக்கிறார்கள்? அவனைத் தூக்கி வளர்த்த பெரியம்மா அப்ராஃபி. பிள்ளை இல்லாதவள், வாய்த்துடுக்கு, போதாததற்குத் தனியாகப் பேசிக்கொள்வாள். இந்த ஊருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

பையனின் தாய்மாமன் அஜெகும்தான் சபையின் மூத்த மூப்பர். அப்ராஃபி அவருக்குக் கூடப்பிறந்த அக்கா. அதைப் பற்றியெல்லாம் அவர் கவலைப்படவில்லை.

"உபவாசம் இருங்க பாஸ்டர். கடவுள் யாரைக் காட்டுறாரோ, அவ ஊரை விட்டுப் போகணும். யாரையும் காட்டலைன்னா விஷயத்தை அதோட விட்டுடறோம். எங்கம்மா மேல ஆணை."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஜெபத்தில் ஒன்றுமே தெரியாத போதகருக்கு இங்கே சபை வீடு எதற்கு என்றும் சொல்லிவைத்தார்.

போதகர் சர்ச்சுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனைவி செர்வா தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று மன்றாடினாள். அப்ராஃபி ஒண்டிக்கட்டை, நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி சுற்றிக்கொண்டு மொத்த ஊரும் சர்ச்சில் கூடிவிட்டது. அப்ராஃபி கடைசி பெஞ்சில் இருந்தாள். அவள் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

போதகர் எழுந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"கடவுள் எனக்கு யாரையும் காட்டலை."

நன்றாக யோசித்துச் சொல்லும்படி அஜெகும் முறைத்தார். யோசித்துவிட்டேன் என்றார் போதகர். அப்படியானால் ஆட்டைக் கண்டுபிடித்ததெல்லாம் முன்கூட்டியே விசாரித்துத்தானா என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா மேல் இட்ட ஆணையை அஜெகுமால் மீற முடியவில்லை. அக்காவை விட்டுவிட்டார். போதகரை விடவில்லை.

மறுநாள் காலை போதகர் வீட்டுப் பாய், சட்டி, பெட்டி எல்லாம் குமாசி வேனின் மேல் ஏறின. வழியனுப்ப வந்தது அப்ராஃபி மட்டும்தான். அவித்த கிழங்கும் கீரைக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள்.

"நல்ல பாஸ்டர் தம்பி நீ! 'அப்ராஃபி இல்லை'ன்னு கடவுள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வாங்கத் துப்பில்லையே உனக்கு" என்று திட்டிக்கொண்டே பாத்திரத்தைச் செர்வாவின் மடியில் வைத்தாள். பிள்ளைகள் தலையை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்துவிட்டு, அழுகையை மறைக்கத் திரும்பி நடந்தாள்.

வேன் கிளம்பியது. ஊர் எல்லை தாண்டுகிறவரை செர்வா பொறுத்திருந்தாள். அப்புறம் அவள் கேட்டது, அதே வேனின் பின் சீட்டில் குமாசிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

"ஏங்க, சத்தியமா உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"தெரிஞ்சுது. அப்ராஃபி அக்கா முகம்தான். எப்பவும் தெரியற மாதிரியே பளிச்சுனு தெரிஞ்சுது."

செர்வா மடியிலிருந்த பாத்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அடப்பாவி மனுஷா! கடவுள் காட்டினதையா மறைச்சீங்க?"

"அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, செர்வா. நம்ம வீடு தப்பிச்சுதுன்னு அவ்வளவு சந்தோஷம். ஒரு பொம்பளையை ஊரை விட்டே துரத்தப்போறோம், அதுல எனக்குச் சந்தோஷம் வருதுன்னா, அது எப்படி அவர் கொடுத்த வெளிச்சமா இருக்கும்?"