ஆடித் தள்ளுபடி

கன்னியப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இசக்கிதுரை அழுதேவிட்டான். வேலை போனவன் முதுகைத் தட்டிக்கொடுக்கிறான். அவனுடைய சூப்பர்வைசர் தேம்பித் தேம்பி அழுகிறான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷன்!

பக்கத்தில் இசக்கிதுரையின் மனைவி சுகப்பிரியா. ஒரு கையில் ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஒரு சீப்பு வாழைப்பழமும், இன்னொரு கையில் ஒரு துணிப்பை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகிற மாதிரிதான் வந்திருந்தார்கள்.

"வூட்டுக்குள்ள வாங்க சார்" என்றாள் கன்னியப்பனின் மனைவி முனியம்மாள். நிலையில் வைகாசியில் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. சேரப்பணஞ்சேரியில் அப்பா விட்டுப்போன மனையில் பேங்க் லோன் போட்டுக் கட்டிய வீடு, பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

"வேலைய விட்டுத் தூக்கி ஒரு வாரம் ஆச்சு சார்" என்றான் கன்னியப்பன். "பத்து வருசம் ஒண்ணா லைன்ல நின்னவனுங்க, ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீங்க ஒருத்தர்தான் தேடிக்கினு வந்துகிறீங்க."

"நான் வராம இருப்பனா? மேல இருந்து லிஸ்ட் வந்துட்டு கன்னியப்பா. எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன். கேக்க மாட்டேன்னுட்டானுவ."

"லைனுக்கு ஒருத்தர் பேரு கேட்டாங்களாமே. ஆபீஸ் ரூம்ல குந்திக்கினு எந்தப் படுபாவி எழுதிக் குடுத்தானோ" என்று முனியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "அவன் வூடு வெளங்குமா?"

"வெளக்கு வைக்கிற நேரத்துல அப்பிடிச் சொல்லாதீங்கக்கா" என்று சுகப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஒரகடம் பக்கம் எல்லாமே படுத்துவிட்டது. கம்பெனிகளில் ஆர்டர் குறைந்து, மூன்று ஷிப்ட் ஒன்றாகி, வாடகைக்கு இருந்த பையன்கள் ஊருக்கு மூட்டை கட்டிவிட்டார்கள். வடக்குப்பட்டு வரைக்கும் தெருவுக்குத் தெரு 'வீடு விற்பனைக்கு' போர்டுதான், வாங்கத்தான் ஆளில்லை.

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான். "தவண கட்ட வழியில்ல சார். வூட்ட வித்துடலாம்னு கீறேன். புரோக்கர் பாண்டுரங்கன் நாப்பது லட்சம்ன்றான், ஆனா ஆறு மாசம் இழுப்பான். நீங்க பன்னெண்டு வருசமா மறைமலை நகர்ல வாடகை வூட்லதானே கீறீங்க? நீங்களே எடுத்துக்குங்களேன்."

இசக்கிதுரை பதறிப்போனான். திருநெல்வேலிக்காரன், பதறினால் ஊர்ப்பேச்சு இன்னும் தூக்கலாக வந்துவிடும். "என்னப்பா பேசுத! ஒன்னயப் பாக்க வந்த எடத்துல வீட்டையா கேப்பேன்? இந்த நேரத்துல எவனாவது வீடு வாங்குவானா? இன்னும் வெல எறங்கும்னு சொல்லுதாவ. நாளைக்கே எம்பேரும் லிஸ்ட்ல வந்துட்டுன்னா?"

"உங்க பேரெல்லாம் வராது சார். இப்ப வாங்கினாதான் உண்டு. மார்க்கெட் ஏறிச்சுன்னா இந்த மாரி வூடு ஆம்புடுமா? போர்ல தண்ணி தேனு மாரி கீது சார்." ஆறுதல் சொல்ல வந்தவனுக்கு வேலை போனவன் தைரியம் சொன்னான். "உங்களுக்குன்னா முப்பத்தஞ்சு. யாரோ ஒருத்தன் கைக்குப் போறதுக்கு நம்ம மனுசன் கைக்குப் போவட்டும்."

இசக்கிதுரை மனைவி பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்லுத?"

சுகப்பிரியா பையிலிருந்து ஒரு திரைச்சீலையை எடுத்தாள். "இந்தக் கலரு சேருதான்னு பாக்கட்டுமா அக்கா?" என்று கூடத்து ஜன்னல் கம்பியில் மாட்டினாள். மேலும் கீழும் ஒரு விரல்கூட மிச்சமில்லை.

"அளவெடுத்துத் தச்ச மாரியே கீதே!" முனியம்மாள் அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டாள். "புதுசா?"

"ஆடித் தள்ளுபடியில எடுத்துத் தைக்கக் குடுத்ததுக்கா. டெய்லர் இன்னைக்குத்தான் தந்தாரு."

இசக்கிதுரை பெருமூச்சு விட்டான். "சரி கன்னியப்பா. உனக்காக வாங்கிக்கிடுதேன். புரட்டாசி பொறக்கதுக்குள்ள பத்திரத்த முடிச்சிருவோம்."

முனியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்தாள். கன்னியப்பன் இரண்டு கையாலும் அதை நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு சார். கம்பெனில திரும்ப ஆள் எடுக்கும்போது எம்பேரச் சொல்லுங்க."

"ஒம்பேர நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

கன்னியப்பன் அவன் காலைத் தொடக் குனிந்தான். இசக்கிதுரை தடுத்துத் தூக்கி, மறுபடியும் ஒருமுறை கட்டிக்கொண்டான்.

கிளம்பும்போது சுகப்பிரியா திரைச்சீலையைக் கழற்றப் போனாள். "கெடக்கட்டும் புள்ள, எடுக்காத" என்றான் இசக்கிதுரை.

பைக் ஒரகடம் மேம்பாலத்தில் ஏறியதும் சுகப்பிரியா அவன் தோளில் முகவாயை வைத்தாள். "ஏங்க, இவங்க கிரகப்பிரவேசத்துக்கு வந்தன்னைக்கு அந்த ஜன்னல நான் ஆசைக்குத்தான முந்தானையால அளந்து பாத்தேன். இந்த வீடு நமக்குத்தான், திரைய இப்பமே தைக்கக் குடுன்னு ஆடியிலயே ஒரு நா என்ன தைரியத்துல சொன்னிய?"

இசக்கிதுரை முதல்தடவையாகச் சிரித்தான்.

"அன்னைக்குத்தான புள்ள அவன் பேர எழுதிக் குடுத்தேன்!"