உப்புப் போட்ட கை

"நாற்பத்தோராயிரத்து எழுநூறு. முழுக் கடனையும் இப்பவே வெட்டிவிடுறன், இன்னாசி. நீ வெளிய போய் ஒரு வார்த்தை மட்டும் சொல்லு."

அல்பிரட் முதலாளி கடன் கொப்பியை விரித்து வைத்திருந்தார். எத்தாளைக் கிராமத்தில் அவருடைய சொசேஜ் கொட்டிலில் ஆறு வருடமாக இறைச்சி அரைத்துக் கலக்குவது இன்னாசிப்பிள்ளைதான். வாசலில் சுகாதாரப் பரிசோதகர் கதிரை போட்டுக் காத்திருந்தார்.

"என்னெண்டு சொல்ல, முதலாளி?"

"பழுதாகாம இருக்கப் போடுற உப்பை நீயாத்தான் கூடப் போட்டனெண்டு சொல்லு."

"பிரிஜ் வேலை செய்யேல்ல, இன்னும் ரெண்டு கரண்டி போடெண்டு சொன்னது நீங்கதானே?"

"சொன்னது என்ட வாய். போட்டது உன்ட கை. நான் மாட்டினா கொட்டிலைப் பூட்டிப் போடுவாங்க. ஒன்பது குடும்பம் தெருவில நிக்கும். நீ எண்டா தண்டப்பணம்தான். அதையும் நானே கட்டுறன்."

"இதைத் திண்டு ஒரு பிள்ளை நீலம் பாஞ்சு கிடந்தது, முதலாளி."

"மாதா புண்ணியத்தில தப்பி வீட்டுக்கு வந்திட்டுது தானே? பிறகென்ன?"

இன்னாசிப்பிள்ளை கையைக் கழுவினார். இறைச்சி மணம் போகவில்லை. அப்படியே வெளியே வந்தார்.

"பத்து மடங்கு!" பரிசோதகர் கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து வந்த அறிக்கையைத் தட்டினார். "அரசாங்கம் விட்ட அளவைப்போல பத்து மடங்கு. தராசு வாங்கி நிறுத்துப் போடுங்க எண்டு போன வருசமே எழுதித் தந்தேன். கரண்டியால அள்ளிப் போட இதென்ன கலியாணச் சமையலா? ஆர் கலந்த?"

"நான்தான், சேர். முதலாளிக்குத் தெரியாது."

"உன்ட வீட்டுப் புள்ளைக்குக் குடுப்பியா இதை?"

இன்னாசிப்பிள்ளை பேனையை வாங்கினார். காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்தார். உள்ளே முதலாளி கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பது கேட்டது.

பரிசோதகர் அடுத்த படிவத்தை எடுத்தார்.

"இது உனக்கெதிரான முறைப்பாடு. ஆஸ்பத்திரித் துண்டில தாய்ட பேர் மட்டும்தான் கிடக்கு. நீலம் பாஞ்ச அந்தப் புள்ளைட தகப்பனும் ஒப்பம் வைக்கணும். அவர்ட வீடு எந்தப் பக்கம்?"

இன்னாசிப்பிள்ளை பேனையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போகத் தேவையில்ல, சேர். இங்க தாங்க, அந்த ஒப்பமும் நான்தான் வைக்க வேணும்."