பத்து மணிச் செய்தி

"தெரியாம ஒருத்தரை நேரலையில தள்ளிவிடறது ஏமாத்து வேலை சார். என்னால முடியாது."

ஒலிப்பதிவு அறைப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வானொலி நிலையத்தில் அவளுக்கு 'உண்மைவிளம்பி' என்று பட்டப்பெயர். விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுத மனசு வராமல் 'சினிமா' என்று எழுதிக் கொடுத்தவள்.

மேலாளரோ நாற்காலி மேல் ஏறி, செய்தி வாசிக்கும் அறையின் சிவப்பு விளக்கிலிருந்து பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த விளக்கு எரிந்தால், உள்ளே பேசுவது ஊர் முழுக்கக் கேட்கிறது என்று அர்த்தம்.

"வாசிக்கறவருக்குத் தொண்டை கட்டிடுச்சும்மா. பத்து மணிச் செய்திக்கு நம்ம அண்ணனை விட்டா வேற யாரு?"

அண்ணன் என்றால், செய்தி எழுதுகிறவர். வெண்கலக் குரல். ஆனால் பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதல் நாள் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததும் "வ... வ..." என்று வணக்கத்திலேயே மாட்டிக்கொண்டார். அன்றோடு அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வாசிப்பவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு ஒரு வெளியாள் வரப்போவதாகப் பேச்சு. அண்ணன் அதைக் கேட்டும் கேட்காதவர் போல எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குச் செய்தி மாடி அறையிலேர்ந்து போகுது, இங்க வெறும் மைக் சோதனைன்னு சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கேன். நீ இங்க மைக்கைத் திறந்தாப் போதும். மாடியிலேர்ந்து நேரலையில இணைக்கிறதை நான் பாத்துக்கறேன்."

"திக்கிட்டார்னா? ஊரே சிரிக்கும் சார். அதுக்கப்புறம் வாயே திறக்கமாட்டார்."

"திக்கலைன்னா?"

"அப்பவும் ஏமாத்தினது ஏமாத்தினதுதான்."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்கிறாங்க. நான் ஒரே ஒரு பொய்தான் சொல்றேன்."

மணி பத்தாக நாலு நிமிஷம். வானொலி ஊமையாக இருக்க முடியாது. "முடிஞ்ச உடனே அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுவேன்" என்றாள் அவள்.

"தாராளமாச் சொல்லு." மேலாளர் பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினார்.

அண்ணன் வந்தார், உட்கார்ந்தார், வாசித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவளுக்கு உயிர் கையில் இல்லை. வாயில் நுழையாத வெளிநாட்டு மந்திரிகள் பெயர்கூட அவர் வாயில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஐந்து நிமிஷம், ஓர் எழுத்து இடறவில்லை.

முடிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "அண்ணே, மன்னிச்சிடுங்க. இது சோதனை இல்லை. ஊர் பூரா கேட்டுச்சு."

அவர் முகம் வெளிறியது. "விளக்கு எரியலையே?"

"பல்பைக் கழட்டிட்டாங்க. நானும் அதுக்கு உடந்தை." அவள் கண்ணில் நீர் முட்டியது. "ஆனா நீங்க திக்கவே இல்லைண்ணே."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "வேற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்" என்றார். தாளை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு சொன்னார்: "பதினோரு மணிச் செய்திக்கு அந்த விளக்கை எரியவிடச் சொல்லு."

பதினோரு மணிக்கு விளக்கு எரிந்தது. "வணக்கம்" என்றார். வணக்கம் முழுசாக வந்தது, பின்னாலேயே மற்ற எல்லாமும் வந்தன. கண்ணாடிக்கு வெளியே அலுவலகமே திரண்டு நின்று கைதட்டியது. "ஒண்ணாந்தேதியிலேர்ந்து அந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்று மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு வருஷத்துச் சிரிப்பை அண்ணன் ஒரே நாளில் சிரித்தார்.

தொலைபேசி அடித்தது. உண்மைவிளம்பி எடுத்தாள். அண்ணனின் மனைவி.

"இப்ப வாசிச்சது எங்க வீட்டுக்காரராம்மா? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"அவரேதான் அண்ணி. பத்து மணிக்கும் அவர்தானே."

"இல்லையே. பத்து மணிக்கு எப்பவும் வாசிக்கறவர்தான் வாசிச்சார். கேட்டுக்கிட்டேதானே துணி மடிச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொண்டை கட்டியவர் கணீரென்று ஒரு பாட்டைப் பாடியபடி மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

மேலாளர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஊரே கேட்டுச்சுன்னு நான் சொன்னா அவர் நம்பமாட்டார். நீ சொன்னாத்தான் நம்புவார். உனக்கோ பொய் சொல்ல வராது. அதான்மா, உன்கிட்டயும் ஒரு பொய் சொல்லிவெச்சேன்."