மேட்ச் அன்னைக்குக் கோட்டு

கோல்கீப்பர் ஸ்டெனி கோட்டும் டையுமாக மைதானத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் மேனேஜர் ராஜையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏலே, மேட்ச் அன்னைக்கு ஜெர்சி போடணும்னு எத்தன தடவ சொல்லியாச்சு?"

"நீங்களும் கோட்டுதானே சார் போட்டிருக்கிய?"

"மேனேஜருன்னா கோட்டுதாம்லே. டி.வி.யில பாக்கலியா? அதக் கழத்து."

"பதினோரு மணிக்குக் கல்யாணத்த வச்சிட்டு எப்பிடி சார் விளையாடுவேன்? மழையில தள்ளிப்போன ஃபைனல இன்னைக்கா வைக்கணும்?"

"ஆட்டம் முடிஞ்சதும் போலாம்."

"பொண்ணு சர்ச் வாசல்ல நிப்பா சார். போதகரு சரியான நேரத்துக்குத் தொடங்கிருவாரு."

ராஜையன் ஜெர்சியை அவன் முகத்தில் எறிந்தார்.

"எப்பிடிலே தொடங்குவாரு? அவ கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவ வேண்டிய அப்பன் நானாக்கும்!"