சுருளியம்மாள் கையில் பாட்டில்

"எல்லாரும் எறங்குங்க! சுருளியக்கா, நீ எறங்காத. பாட்டிலைப் பிடி."

குரங்கணிக்கு மேலே ஏற்றம் தொடங்கும் இடத்தில் மலைச்சாமி தினமும் போடும் சத்தம் இது. அரிசி மூட்டையோடு ஆளையும் இழுக்க அவனுடைய ஜீப்புக்குத் தெம்பு கிடையாது. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் இறங்கிப் பின்னால் நடப்பார்கள்.

சுருளியம்மாள் மட்டும் முன்சீட்டில். ஆஸ்பத்திரி குளுக்கோஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவள் தூக்கிப் பிடிக்க வேண்டும். குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சூடு அடங்கும், 'டக்டக்'கென்று தட்டாமல் ஏறும். மலைச்சாமியின் கண்டுபிடிப்பு.

"பெட்ரோல் விக்கிற வெலையில தண்ணியிலயே ஓட்டப் பாக்குறான்!" பெண்கள் சிரித்தார்கள்.

அவர்களில் அன்னக்கொடிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"ஏண்ணே, அக்காவுக்கு ஏற்கெனவே முட்டி வீங்கிக் கெடக்கு. கையையும் ஒடிக்கணுமா? முந்தி பாட்டிலு கம்பியிலதானே தொங்குச்சு?"

"கம்பியில ஆடும் தாயி. குழாய்க்குள்ள காத்துப் பூந்துரும். ஒன் சோலியப் பாரு."

"மனுசியை விட இஞ்சின் பெருசாப் போச்சு!"

"விடுடி" என்றாள் சுருளியம்மாள், கையை இறக்காமல். "நான் பிடிக்கலேன்னா வண்டி ஏறாது."

ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. பின்னால் நடந்த அன்னக்கொடி புழுதியைப் பார்த்தாள். வழிநெடுக ஈரச் சொட்டுகள்.

மேலே ஜீப் நின்றதும் குனிந்து பார்த்தாள். குழாயின் நுனி இஞ்சினில் இல்லை. அடியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கிய மலைச்சாமியிடம் ஓடினாள்.

"அண்ணே! குழாய் கழண்டு..."

"மெதுவாப் பேசு." அவன் முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். "பால்சாமி மெக்கானிக்கு இஞ்சினைச் சரிபண்ணி ஒரு மாசமாச்சு. இப்பத் தண்ணியே வேண்டாம்."

"பெறகு எதுக்கு பாட்டிலு?"

"முட்டி வீங்கின அன்னைக்கு, உக்காந்து வாக்கான்னேன். 'அம்புட்டுப் பேரும் நடக்கையில நான் மட்டும் மகாராணியா'ன்னு எறங்கி நடந்துச்சு. ரெண்டு நாள் நடந்தாப் படுத்துரும். படுத்தா, கங்காணி வேலையிலருந்து பேரை அடிச்சிருவான்."



மறுநாள் ஏற்றத்தில், மலைச்சாமி வாயைத் திறக்கும் முன்பே அன்னக்கொடி சத்தம் போட்டாள்.

"அக்கா, பாட்டிலை ஆட்டாமப் பிடி!"

பிறகு எல்லாருக்கும் முன்னால், ஜீப்பை ஒட்டியே நடந்தாள், புழுதியில் விழும் சொட்டுகளைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டு.