உள்ளே போய்க் கத்த ஓர் ஆள்

“வீட்டு ஆள் யாராவது உள்ள போய்க் கத்தணும் சார். அப்பதான் கதவு சரியா உட்கார்ந்திருக்கான்னு தெரியும்” என்றார் தச்சர்.

வேலை முடிந்த எந்த வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து காட்டாமல் அவர் கிளம்புவதில்லையாம்.

அவன் தயங்கினான். அப்பா முந்திக்கொண்டார்.

“இந்த வீட்ல கத்துறதுக்கு என்னை விட்டா வேற யாரு?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தச்சரும் சிரித்தார். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்பா சொன்னது பொய்யில்லை. அம்மா போனதிலிருந்து அவருக்கு வாய் ஓய்வதே இல்லை. டேய், மணி என்னடா? டேய், மழை வருமாடா? பதில் சொன்னாலும் விடமாட்டார், சொல்லாவிட்டாலும் விடமாட்டார். நாலு வாசல் தாண்டிக் கேட்கும் குரல் வேறு.

அவன் பிழைப்போ, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசுவது. போன மாதம் ஒரு பெண்மணி, பின்னால் யாரோ பாவம் கூப்பிடுகிறார்கள், முதலில் அவர்களைக் கவனியுங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மேலதிகாரி வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை அந்தக் குரல் கேட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம்.

அதனால்தான் பின்னறைச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கதவைச் சுற்றி ரப்பர் பட்டை.

அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பையனுக்குத் தனி ஆபீஸ் ரூம் தயாராகிறது என்று பெருமையடித்துவிட்டு வந்தார். காலையிலிருந்து தச்சருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான், கீழே விழுந்த ஆணிகளைப் பொறுக்கிக் கொடுத்ததும் அவர்தான். இறுக்கி அடிங்க, என் தொண்டை லேசுப்பட்டதில்லை என்று கிண்டல் வேறு.

இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏதோ பந்தயத்துக்குப் போகிறவர் மாதிரி உள்ளே போனார். தச்சர் கதவைச் சாத்தினார்.

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ம்ஹூம். ஒரு முனகல்கூட இல்லை.

கதவைத் திறந்தபோது அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே மகனைப் பார்த்தார்.

“கேட்டுச்சாடா?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

“அப்பாடா! இனிமே நீ நிம்மதியா வேலை பாரு.”

அவனுக்குத் தச்சரை எப்படியாவது சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். தச்சரோ சாவகாசமாகச் சுத்தியலைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“பெரியவர் கட்டிலை இப்பவே தூக்கிப் போட்டுரலாமா சார்? அந்த மூலையில அளந்து இடம் விட்டுத்தான் பலகை அடிச்சிருக்கேன்.”

அப்பா அந்த மூலையைப் பார்த்தார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்பா தச்சரின் தோளில் கை வைத்தார். அத்தனை மெதுவாக அவர் பேசி அவன் கேட்டதே இல்லை.

“போட்டுருப்பா. நான்தான் பையன்கிட்டச் சொல்லிச் செய்யச் சொன்னேன். வயசாச்சில்ல, வெளிச் சத்தம் எனக்கு ஒத்துக்கிறதில்ல.”